லைஃப் ஜாக்கெட் தோற்கும் இடம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அலுவலக நண்பர்களோடு ரிஷிகேசத்துக்குக் கயாக்கிங், அதாவது ஒல்லியான சிறு படகில் துடுப்புப் போட்டு ஆற்றில் போவதை, கற்கப் போகிறார். குழுவில் பாதிப் பேர் துடுப்பையே தொட்டதில்லை. "லைஃப் ஜாக்கெட் போட்டுட்டா மூழ்கவே மாட்டோம்பா, கவலைப்படாதீங்க என்கிறாள். ஆனால் ஜாக்கெட் போட்டவர்களும் ஆற்றில் இறந்ததாகச் செய்தி வருகிறதே, அது எப்படி?" என்று கேட்கிறார்.

மகள் சொல்வது ஏரிக்கும் குளத்துக்கும் சரி. நுரைத்து ஓடும் ஆற்றுக்குச் சரியில்லை. காரணத்தைப் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை வைத்தே சொல்லிவிடலாம். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் ஏறக்குறைய 60 லிட்டர் நீரை விலக்கும். கயாக்கிங்கில் போடும் ஜாக்கெட் அதற்கு மேல் 7 கிலோ அளவுக்கு மிதப்பு தரும். தலையை நீருக்கு மேலே நிறுத்த அது தாராளம். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ இருக்கும் என்பதை நம்பி நிற்கிறது. ஆற்று நீர் வெள்ளையாகத் தெரிவதே அதில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால்தான். பத்தில் ஒரு பங்கு காற்று கலந்தால் ஒரு லிட்டரின் எடை 900 கிராம். உடலும் ஜாக்கெட்டுமாக விலக்கும் 67 லிட்டர் இப்போது 60 கிலோவைத்தான் தாங்கும். ஜாக்கெட் கொடுத்தது அத்தனையும் அங்கேயே தீர்ந்துவிட்டது. பத்தில் மூன்று பங்கு காற்று என்றால் 47 கிலோதான். மீதி 13 கிலோவைத் தாங்க ஆளில்லை. அந்த நுரையில் துடுப்புக்கும் பிடிமானம் கிடைக்காது.

நல்லவேளையாகக் குமிழிகள் சீக்கிரம் மேலே வந்து உடைந்துவிடும். பெரும்பாலான இடங்களில் ஓட்டமே உங்களைச் சில நொடிகளில் நுரையைத் தாண்டிக் கொண்டுபோய்விடும், ஜாக்கெட்டும் மறுபடி வேலை செய்யும். அந்தச் சில மீட்டரை விட்டு வெளியே போகவிடாத ஓர் அமைப்பு ஆற்றில் இருந்தால்தான் ஆபத்து. நீரியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் கவனியுங்கள். நீர் விழும் இடத்தைச் சுற்றி வழுவழுவென்று மெல்லிய வட்டம் ஒன்று தெரியும். அதன் விளிம்பில் நீர் சட்டென்று தடித்து, வேகம் குறையும். வேகமாக மெல்லிசாக ஓடும் நீர், மெதுவாக ஆழமாக ஓடும் நீராக மாறுகிற இந்த இடத்துக்கு நீர்த்தாவல் என்று பெயர். லியனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்திருக்கிறார். ஆற்றிலும் அணையிலும் நடப்பது இதன் பெரிய வடிவம்.

ஆழம் குறைந்த நீரில் அலை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஆழமே தீர்மானிக்கிறது. 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 1.4 மீட்டர். ஒரு மீட்டர் உயரத் தடுப்பைத் தாண்டி விழும் நீரோ நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் அடியைத் தொடும். அலையைப் போல மூன்று மடங்கு! கீழே ஆழமான நீர் தேங்கி நிற்கிறது என்ற சேதியை மேலே கொண்டுவர வேண்டியது அலைதான். ஓட்டம் அதைவிட வேகமாக இருப்பதால் அந்தச் சேதி வந்து சேர்வதே இல்லை. இந்த விகிதத்துக்கு ஃப்ரூடு எண் என்று பெயர். அது ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஓடும் நீர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வழியில்லை. நேராகப் போய் முட்டி, எகிறி, உருண்டு, ஆற்றலை இழந்த பிறகுதான் நிதானத்துக்கு வரும்.

அப்படி எகிறும் நீர் எவ்வளவு ஆழத்தில் போய் நிற்கும் என்பதற்கும் சமன்பாடு உண்டு. ஒரு மீட்டர் தடுப்பின் அடியில் நீர் 20 சென்டிமீட்டர் தடிமனில் ஓடுகிறது என்றால், விடை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். கீழ்ப்புறத்தில் அதைவிடக் குறைவாக நீர் நின்றால் தாவல் தள்ளிப் போய் நடக்கும். சரியாக 80 என்றால் தடுப்பின் காலடியில். அதைத் தாண்டினால்தான் விபரீதம். தாவுவதற்கு இடமில்லாமல், பின்னால் நிற்கும் ஆழ நீர் விழும் நீரின் மேலேயே சரிந்து அதை மூடிவிடுகிறது. விழுந்த நீர் அடியில் புகுந்து தரையோடு தரையாக ஓடி, சில மீட்டர் தள்ளிக் கொப்பளித்து மேலே வருகிறது. அதில் ஒரு பங்கு ஆற்றோடு போகும். மறு பங்கு மேற்பரப்பில் பின்னோக்கித் தடுப்பை நோக்கியே திரும்பி ஓடும். ஆற்றின் மேல்தோல் ஆறு போகும் திசைக்கு நேர் எதிராக நகர்கிறது!

மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு தடுப்பணையைக் கரையில் நின்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மாட்டியிருந்தால் போதும், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தடுப்பை நோக்கி மிதந்து போகும், விழும் நீரில் அமுங்கிக் காணாமல் போகும், தள்ளி ஓரிடத்தில் துள்ளி எழும், மறுபடி தடுப்பை நோக்கிக் கிளம்பும். மணிக்கணக்கில் இதையே செய்துகொண்டிருக்கும். மனித உடலுக்கும் அதே சுற்றுதான். அமுங்கும் இடத்தில்தான் காற்றும் அதிகம் கலந்திருக்கிறது. மூச்சு வாங்க மேலே வரும் ஒவ்வொரு தடவையும் ஓட்டம் தடுப்புக்கே திருப்பி அனுப்புகிறது. நீச்சல் தெரிந்தவர் சோர்ந்துபோக அதிக நேரம் ஆகாது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆற்றில் நீர் ஏற ஏறக் கீழ்ப்புற மட்டமும் உயர்வதால், தடுப்பு நாளுக்கு நாள் சின்னதாகத் தெரியும். நேற்று ஆள் உயரம் விழுந்த நீர் இன்று முழங்கால் உயரம்தான் விழும். பார்ப்பவருக்கு ஆறு சாதுவாகிவிட்டதாகத் தோன்றும். தாவல் மூழ்கி அந்தச் சுழற்சி உருவாகியிருப்பது அன்றைக்குத்தான். மேலிருந்து படகில் வருபவருக்கோ அதுகூடத் தெரியாது, கரையிலிருந்து கரைக்கு ஒரு நேர்கோடு மட்டும் தெரியும்.

1975-ல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில், சஸ்குவஹானா ஆற்றின் சிறிய தடுப்பணை ஒன்றில் மோட்டார் படகோடு மீட்புக்குப் போன தீயணைப்பு வீரர்களே இப்படிச் சிக்கி இறந்தார்கள். இன்றுவரை மீட்புப் பயிற்சிகளில் அது பாடமாகச் சொல்லப்படுகிறது.

நம் ஊரில் "அந்த இடம் வருஷா வருஷம் காவு வாங்கும்" என்று சில அணைக்கட்டுகளைப் பற்றியும் கலிங்குகளைப் பற்றியும் சொல்வார்கள். அனுபவம் பொய்யில்லை, அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஆள் போவது உண்மைதான். ஆனால் காரணத்தை மோகினியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு கிடா வெட்டிவிட்டுப் போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அங்கே இருப்பது கான்கிரீட்டின் வடிவம். வடிவத்தை மாற்றலாம். கீழ்ப்புறத்தில் படிகள் கட்டினாலோ பெரிய பாறைகளைச் சரிவாக அடுக்கினாலோ அந்த உருளல் உடைந்துவிடும். பொறியாளர்கள் நீர்த்தாவலைத் திட்டமிட்டே உருவாக்குகிறார்கள், ஏனென்றால் அது ஆற்றலைத் தின்று அணையின் அடி அரிக்காமல் காக்கிறது. கட்டுமானத்தைக் காக்கும் அதே கணக்கில், குளிக்க வரும் பிள்ளைகளின் உயிரும் ஒரு வரியாகச் சேர வேண்டும். பூண்டியில் மாதிரி அணைகள் கட்டிச் சோதிக்கும் நீரியல் நிலையம் நம்மிடமே இருக்கிறது. எந்தெந்தத் தடுப்பணையில் எந்த நீர்மட்டத்தில் தாவல் மூழ்குகிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்கப் பெரும் பணம் தேவையில்லை. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இத்தகைய தடுப்பணை மரணங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. இங்கே நாளிதழின் மூலையில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது.

சரி, ரிஷிகேசத்துக்கு வருவோம். இயற்கையான ஆற்றிலும் பாறைகளுக்குக் கீழே இதே சுழற்சி உண்டு. கயாக்காரர்கள் அதை ஹோல் என்பார்கள். பாறை ஒழுங்கற்றது என்பதால் அநேகமாக எங்காவது ஓர் ஓரம் திறந்திருக்கும். நுரைக்கோட்டின் இரு முனைகளும் ஆறு போகும் திசையில் வளைந்திருந்தால் ஓட்டம் உங்களை ஓரமாக வெளியே தள்ளிவிடும். முனைகள் ஆறு வரும் திசையில் வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் சிக்கலான ரேபிட்டுக்கு (ஆறு பாறைகளுக்கிடையே வேகமாக நுரைத்துப் பாயும் பகுதிக்கு) முன் கரையேறி நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். டெஹ்ரி பக்கம் அணையில் திறக்கும் நீரைப் பொறுத்து கங்கையின் மட்டம் மாறும் என்பதால், காலையில் பார்த்த ஹோல் மாலையில் வேறாக இருக்கலாம். மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவைப்பதும் நியாயமே.

குழுவாகப் போகும் ஒழுங்கும் இந்த இயற்பியலிலிருந்தே வருகிறது. நொடிக்கு 3 மீட்டர் ஓடும் நீர் கவிழ்ந்தவரைப் பத்து நொடியில் 30 மீட்டர் கொண்டுபோய்விடும். மீட்புக் கயிறு எட்டுவது 15, 20 மீட்டர்தான். உதவி பின்னால் ஓடிவந்து சேராது, முன்னாலேயே காத்திருக்க வேண்டும். எனவே முதலில் ஒரு தேர்ந்த ஆள் இறங்கி, கீழே பாறையின் மறைவில் நீர் சுணங்கும் இடத்தில் படகை நிறுத்துவார். பிறகு புதியவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக. கடைசியில் இன்னொரு தேர்ந்த ஆள்.

விழுந்துவிட்டால் நின்று பார்க்கும் ஆசையே கூடாது. நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நொடிக்கு ஒரு மீட்டரில் சுமார் 25 கிலோவாக இருப்பது 2 மீட்டரில் 100 ஆகிவிடும். பாறை இடுக்கில் கால் மாட்டினால் அந்த 100 கிலோ ஆளை மடக்கி முகத்தை நீருக்குள் அமுக்கும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் மேலே தூக்கி வைத்து மிதக்க வேண்டும். விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் மட்டும் குப்புறத் திரும்பி முழு வேகத்தில் நீந்தி விலக வேண்டும். கிளைகளுக்கு இடையே நீர் போய்விடும், ஆள் போக முடியாது.

கோவை நண்பரே, மகளைப் போகவிடுங்கள். கட்டணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ரேபிட்டுக்கும் கீழே யார் காத்திருப்பார், எத்தனை புதியவருக்கு ஒரு பயிற்சியாளர், அன்றைய நீர்மட்டத்தை யார் பார்த்து முடிவெடுக்கிறார். அப்புறம், கயாக் கவிழ்ந்தால், நீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் துணியின் பட்டையை இழுத்து நீருக்கடியில் வெளியே வருவதை முதல் நாளே அசையாத நீரில் பலமுறை பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேராக ஆற்றில் இறக்குகிற இடமாக இருந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வரட்டும்.