கலைத்திட்ட நிர்வாகம்: சொல்லும் படிப்பும் பணிகளும்

'கரிக்குலம் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற தொடரைத் தமிழில் 'பாடத்திட்ட நிர்வாகம்' என்று எழுதுவோர் பலர். காதுக்கு உறுத்தாத சொல்தான். ஆனால் அதை நம்பிப் படிப்பில் சேருபவர், பாடப் பட்டியல் தயாரிப்பதும் கால அட்டவணை போடுவதுமே வேலை என்று நினைத்துவிடுவார். பொருத்தமான சொல் கலைத்திட்ட நிர்வாகம். மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று தீர்மானிப்பது, அது வகுப்பறையில் நடக்கிறதா என்று பார்ப்பது, தேர்வு அதைத்தான் அளக்கிறதா என்று சோதிப்பது, காலாவதியானதை நீக்கிப் புதியதைக் கொண்டுவருவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

கரிக்குலம் இலத்தீனிலிருந்து வந்தது. ஓடுதலைக் குறிக்கும் 'குர்ரெரே' என்ற வினை இதன் வேர். ஓட்டம், பந்தயம், பந்தயத் தேர் என்பவை பழைய பொருள்கள். வேலைக்கு விண்ணப்பிக்கையில் இணைக்கும் 'கரிக்குலம் வீட்டே'யும் இதே சொல்தான்: வாழ்வின் ஓட்டம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கல்விக்குள் நுழைந்தது. 1582இல் லைடன் பல்கலைக்கழகப் பதிவிலும் 1633இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பதிவிலும் காணப்படுகிறது. அங்கெல்லாம் இது தனியொரு பாடத்தைக் குறிக்கவில்லை. மாணவர் தொடங்கி முடிக்க வேண்டிய பல ஆண்டுப் படிப்பு முழுவதையும் குறித்தது.

சிலபஸ் பிறந்த கதை வேறு. அது ஓர் அச்சுப் பிழையின் பிள்ளை. சுருள் ஏட்டின்மீது ஒட்டும் பெயர்ச் சீட்டுக்குக் கிரேக்கத்தில் 'சிட்டுபா' என்று பெயர். பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களில் வரும் அச்சொல்லை 15ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் தவறாக அச்சிட, அந்தத் தவறே தனிச்சொல்லாகி, 'பட்டியல்' என்ற பொருளையும் பெற்றுவிட்டது. ஆக ஒன்று பயணம், மற்றொன்று பட்டியல். தமிழில் இரண்டையும் 'பாடத்திட்டம்' என்று சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

தமிழில் புழங்கும் சொற்கள் மூன்று. 'பாடத்திட்டம்' ஒரு பாடத்தின் அலகுகளையும் அவற்றின் வரிசையையும் காட்டுவது. சிலபஸுக்கு இதையே வைத்துக்கொள்ளலாம். இலங்கையில் 'பாடவிதானம்' பரவலாக உண்டு. விளையாட்டு, விவாதம் போன்றவற்றை அங்கே 'இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்' என்பார்கள். 'கலைத்திட்டம்' இந்தியா, இலங்கை இரு நாடுகளின் கல்வியியல் நூல்களிலும் கரிக்குலத்துக்கு நிலைபெற்ற சொல். புதிதாகக் கேட்பவருக்கு ஓவியமும் நடனமும் நினைவுக்கு வரும். இங்கே 'கலை' அந்தப் பொருளில் இல்லை. 'ஆய கலைகள் அறுபத்து நான்கு' என்கிறோமே, அந்தக் கலை, அதாவது கற்கத்தக்க துறை.

'நிர்வாகம்' வடசொல் என்பதால் சிலர் 'மேலாண்மை'க்கு மாற்றுவார்கள். இலங்கையில் 'முகாமைத்துவம்' என்பார்கள். 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்பதன் இலத்தீன் வேர் 'பணிவிடை செய்' என்று பொருள்படும். 'நிர்வாகம்' என்பதன் வேர் 'இறுதிவரை சுமந்து செல்' என்று பொருள்படும். ஆவணத்தில் இருப்பதை வகுப்பறை வரை கொண்டுசேர்ப்பதே இந்தப் பணி என்பதால் 'நிர்வாகம்' இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே எங்கள் கருத்து. 'மேலாண்மை' தவறில்லை. 'பாடத்திட்டம்' என்ற முன்பாதிதான் தவறு.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? அமெரிக்கக் கல்வியாளர் ஜான் குட்லாட் 1979இல் கலைத்திட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்: அறிஞர்கள் விரும்பும் கலைத்திட்டம், அதிகாரபூர்வமாக எழுதப்பட்டது, ஆசிரியர் புரிந்துகொண்டது, வகுப்பில் உண்மையில் நடப்பது, மாணவர் அனுபவிப்பது. பாடத்திட்டம் இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகிறது. நிர்வாகியின் வேலையில் பெரும்பகுதி இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையேதான் கிடக்கிறது. இன்னொரு அமெரிக்கக் கல்வியாளர் ஃபிலிப் ஜாக்சன் 1968இல் பெயரிட்ட மறைமுகக் கலைத்திட்டமும் இதில் சேரும்: வரிசையில் நில், காத்திரு, அதிகாரத்துக்குக் கட்டுப்படு என்று யாரும் எழுதி வைக்காமலே பள்ளி கற்றுத்தருபவை.

துறையின் அடித்தளம் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் வைத்த நான்கு கேள்விகள். எந்த நோக்கங்களை அடைய வேண்டும்? அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் உதவும்? அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது? கல்வியாளர் ஹில்டா தாபா 1962இல் இதை ஏழு படிகளாக விரித்தார். தேவையை ஆராய்வதில் தொடங்கி மதிப்பீட்டில் முடிப்பது அவர் வழி. ஆசிரியரே அலகுகளை வடிவமைத்துச் சோதித்து, அவற்றிலிருந்து முழுக் கலைத்திட்டம் எழ வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மேலிருந்து ஆணையாக வரும் கலைத்திட்டங்கள் வகுப்பறையில் ஏன் காலூன்றுவதில்லை என்று பார்த்தால், தாபாவின் பேச்சு இன்றும் பொருந்துவது தெரியும்.

நடைமுறையில் முதல் வேலை கற்றல் விளைவுகளை எழுதுவது. 'ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் தேர்வு அமைப்பவருக்கு அதை எப்படி அளப்பது என்று தெரியாது. 'ஒளிச்சேர்க்கை வீதத்தைப் பாதிக்கும் மூன்று காரணிகளை ஒரு சோதனை முடிவிலிருந்து கண்டறிவார்' என்று எழுதினால் கற்பித்தல், பயிற்சி, வினா மூன்றும் ஒரே திசையில் நிற்கும். வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலோர் கைக்கொள்வது சிந்தனைத் திறன்களை எளியதிலிருந்து கடினமானதுவரை அடுக்கிக் காட்டும், 1956இல் வந்த புளூம் வகைப்பாடும் அதன் 2001ஆம் ஆண்டுத் திருத்தமும்தான்.

அடுத்தது கலைத்திட்ட வரைபடம். இடப்பக்கம் கற்றல் விளைவுகள், மேலே பாடங்கள் அல்லது பருவங்கள் எனக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விளைவு அங்கே அறிமுகமாகிறதா, வலுப்படுத்தப்படுகிறதா, தேர்ச்சி நிலைக்கு வருகிறதா என்று குறிக்க வேண்டும். பிறகு வரிசை வரிசையாகப் படிக்க வேண்டும். அறிமுகம் மூன்று இடத்தில் இருந்து தேர்ச்சி எங்கும் இல்லையென்றால், மூன்று ஆசிரியர்கள் ஒரே தொடக்கப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள் என்று பொருள். தேர்ச்சிக் குறி இருந்து அதன்கீழ் மதிப்பீடு இல்லையென்றால் அது வெறும் வாக்குறுதி. வரைபடத்தைத் துறைத்தலைவர் ஒருவரே உட்கார்ந்து நிரப்பினால் அது மேற்சொன்ன இரண்டாம் நிலையைத்தான் மறுபடியும் காட்டும். ஆசிரியர்கள் தாங்கள் உண்மையில் நடத்தியதை மாதந்தோறும் நிரப்பியதே பயன்படும்.

நேரக் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வாரம் 5 பாடவேளை, ஒன்று 40 நிமிடம், ஆண்டுக்கு 36 வாரம் என்று கொள்வோம். தாளில் 180 பாடவேளை, அதாவது 120 மணி. தேர்வு, விழா, எதிர்பாராத விடுமுறை என 15 விழுக்காட்டைக் கழித்தால் மிஞ்சுவது 153 பாடவேளை, 102 மணி. 120 மணிக்கு எழுதிய பாடத்திட்டத்தில் கடைசி அலகுகள் ஆண்டுதோறும் அவசர அவசரமாக ஓடும். அந்த அலகுகள்தான் அடுத்த வகுப்புக்கு முன்னறிவு என்றால் பாதிப்பு அங்கேயும் தொடரும். உயர்கல்வியில் பிழை வேறு மாதிரி. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி உழைப்பு. இதில் சொந்தமாகப் படிப்பதும் தேர்வுக்குத் தயாராவதும் சேர்த்தி. அந்த மணி முழுவதையும் விரிவுரை நேரமாகவே எண்ணிப் போடுபவர்கள் மாணவர் சுமையைப் பெருக்கிவிடுவார்கள்.

மாற்றங்களைக் கையாள்வது இன்னும் நுட்பமானது. கணிதத்தில் முக்கோணவியலை ஒரு பருவம் தள்ளிவைத்தால், அதே பருவத்தில் இயற்பியல் ஆசிரியர் விசைகளைக் கூறுபிரிக்க முடியாமல் திண்டாடுவார். எனவே எந்த அலகையும் நகர்த்துமுன் அதைச் சார்ந்திருக்கும் பிற பாடங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒப்புதல் பொதுவாகத் துறை, பாடத்திட்டக் குழு, கல்விப் பேரவை என்ற வரிசையில் போகும். ஒவ்வொரு ஆவணத்திலும் பதிப்பு எண், நடைமுறைக்கு வரும் கல்வியாண்டு, எந்த ஆண்டு சேர்ந்த மாணவருக்கு என்பது மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய திட்டத்தில் தோற்று மீண்டும் எழுத வரும் மாணவருக்கு எந்த வினாத்தாள் என்ற கேள்வி தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் எழும்.

இன்னும் இரண்டு தவறுகளை எங்கும் பார்க்கலாம். ஒவ்வொரு திருத்தத்திலும் புதியவை சேர்கின்றன, பழையவற்றை யாரும் எடுப்பதில்லை. ஒன்றைச் சேர்க்க முன்மொழிபவரே எதை நீக்குவது என்றும் எழுதித் தர வேண்டும் என்ற விதி இதற்கு நல்ல மருந்து. மற்றொன்று, கலைத்திட்டம் மாறியும் வினாத்தாள் அமைப்பு மாறாமலிருப்பது. அப்போது ஆசிரியர் பழைய தேர்வுக்கே நடத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

படிப்பு பெரும்பாலும் முதுநிலையில் தொடங்குகிறது. கல்வியியல் முதுநிலைப் பட்டங்களில் இது சிறப்புப் பிரிவாகவோ கல்வி நிர்வாகத்தின் பகுதியாகவோ இருக்கும். கலைத்திட்டக் கோட்பாடு, வடிவமைப்பு, கல்வி அளவீடு, புள்ளியியல், கற்பித்தல் மேற்பார்வை, கல்விச் சட்டமும் நிதியும், கல்வித் தொழில்நுட்பம் ஆகியவை வழக்கமான தாள்கள். சேர்வதற்கு முன் அளவீட்டுத் தாளும் களப்பயிற்சியும் உண்டா என்று பாருங்கள். கோட்பாடு மட்டும் இருந்தால் நேர்காணலில் வரைபடம் ஒன்றைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லும்போது கை நடுங்கும்.

வேலைகளில் பள்ளி சார்ந்தவற்றுக்கு வகுப்பறை அனுபவம் பொதுவாகக் கேட்பார்கள். கலைத்திட்ட ஒருங்கிணைப்பாளர், துறைத்தலைவர், கல்வி அலுவலகக் கலைத்திட்டப் பிரிவின் இயக்குநர் என்பது ஏணி. 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பேக்கலாரியட் என்ற பன்னாட்டுப் பள்ளிக் கல்வித் திட்டத்தை நடத்தும் பள்ளிகளில் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியே கட்டாயம். தேர்வு வாரியங்களில் மதிப்பீட்டு வல்லுநர், பதிப்பகங்களில் பாடநூல் ஆசிரியர், பல்கலைக்கழகங்களில் தர உறுதி அலுவலர் ஆகிய வேலைகளுக்கும் இதே அறிவு உதவும். நிறுவனப் பயிற்சித் துறையிலும் இணையவழிக் கல்வியிலும் உள்ள கற்றல் வடிவமைப்பாளர் வேலைக்கு ஆசிரிய அனுபவத்தைவிடச் செய்து காட்டிய மாதிரிகளுக்கே மதிப்பு. விளம்பரத்தில் பதவிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். 'கரிக்குலம்' என்று போட்டிருந்தாலும் கடமைகளில் பாடக்குறிப்பு தயாரித்தலும் உள்ளடக்கம் எழுதுதலும் மட்டுமே இருந்தால் அது உள்ளடக்க எழுத்தர் வேலை. விளைவுகளை வரையறுத்தல், மதிப்பீட்டை ஒத்திசைத்தல், ஒப்புதலுக்குக் கொண்டுசெல்லல், ஆசிரியருக்குப் பயிற்சியளித்தல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் இருந்தால்தான் அது கலைத்திட்ட நிர்வாகம்.