ஐயாயிரம் கைமுதலில் போக்கர்: பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

பகலில் வேலை, ராத்திரியில் ஆன்லைனில் காசு வைத்துப் போக்கர் சீட்டாட்டம், மாதம் பத்தாயிரம் உபரி என்ற கணக்கு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்களிடம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வரி நோட்டீஸ் வந்து ஆடிட்டரைத் தேடும்போதுதான் வீட்டில் பலருக்கு விஷயமே தெரிகிறது. இது திறமையா சூதா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். திறமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வரவு செலவு எழுதுவோம்.

கைமுதல் 5,000 ரூபாய். ஆடுவது 1-2 ரூபாய் பிளைண்ட் டேபிள். பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; இங்கே சின்னது 1 ரூபாய், பெரியது 2. ஒரு முறை உட்கார 100 பெரிய பிளைண்ட், அதாவது 200 ரூபாய் வேண்டும். இந்த உட்காரும் பணம்தான் பை-இன். ஆக, கையில் 25 பை-இன். இது குறைந்தபட்சத்துக்குச் சற்று மேல்; நிதானக்காரர்கள் 40, 50 வைத்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் நாலு டேபிள் திறந்து, தினம் மூன்று மணி நேரம், மாதம் 20 நாள் ஆடினால் சுமார் 17,000 கை, அதாவது சுற்று, ஓடும். தளம் எடுக்கும் கமிஷன், அதாவது ரேக், போக, 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஜெயித்தால் நல்ல ஆட்டக்காரர். பெருக்கினால் 850 பிளைண்ட், 1,700 ரூபாய். அறுபது மணி நேரத்துக்கு இவ்வளவுதான். மணிக்கு 28 ரூபாய்.

இதுவும் சராசரி. ஆறு பேர் டேபிளில் 100 கைக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, சுமார் 90 பிளைண்ட். 17,000 கைக்கு அது ஏறக்குறைய 1,170 பிளைண்ட், 2,340 ரூபாய் ஆகிறது. லாபத்தைவிட ஏற்ற இறக்கம் பெரிது. அதனால் நன்றாக ஆடுகிறவருக்கே நாலு மாதத்தில் ஒன்று நட்டத்தில் முடியும். அவர் ஆட்டத்தில் தப்பு இருக்க வேண்டியதே இல்லை.

கைமுதல் கரைவது அந்த மாதத்தில்தான். இன்னும் சின்ன டேபிளுக்கு இறங்க வேண்டியவர், விட்டதைப் பிடிக்க 5-10 டேபிளுக்கு ஏறுகிறார். அங்கே ஒரு பை-இன் 1,000 ரூபாய். மிச்சமிருக்கும் 3,000 மூன்றே பை-இன். ஒரு ராத்திரி தாங்காது. யுபிஐ வரலாற்றைப் பார்த்தால் தடம் பளிச்சென்று தெரியும். முதல் வாரம் ஒரே ஒரு 500. அப்புறம் ஒரே ராத்திரியில் 10.40க்கு 500, 11.05க்கு 1,000, 11.20க்கு 2,000. அதற்கு இரண்டு நாள் முன்னால் கணக்கில் நகைக்கடன் வரவு. ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர் இது. ஆனாலும் கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது, ஜெயித்த அன்றைய ஸ்கிரீன்ஷாட்தான் வரும்.

வரியையும் எழுதுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் ஆட்டத்தில் நிகர வெற்றிக்கு 30 சதவீதம், செஸ் என்ற கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவருக்கும் இதேதான். அடிப்படை வரிவிலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. 1,700இல் 530 போய் 1,170 நிற்கும். நட்டமோ, கடை வருமானத்தில் கழிபடாது, அடுத்த வருடத்துக்கும் போகாது.

இதெல்லாம் உள்நாட்டுத் தளங்கள் இயங்கிய காலத்துக் கணக்கு. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை ஆட்டம் உட்பட எல்லா ஆன்லைன் பண ஆட்டத்தையும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் டெலிகிராம் ஏஜென்டுகள் ஆள் பிடிக்கிறார்கள்: வெளிநாட்டுத் தளம், யுஎஸ்டிடியில் (டாலர் மதிப்பைப் பின்பற்றும் கிரிப்டோ நாணயம்) பட்டுவாடா.

வம்பு பணத்தை வெளியே எடுக்கும்போது வருகிறது. யுஎஸ்டிடியை முன்பின் தெரியாதவரிடம் விற்கிறீர்கள்; அவர் அனுப்பும் பணம் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றியதாக இருந்தால், ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் கொடுத்த புகார் உங்கள் கணக்கு வரை வந்து நிற்கும். சம்பளம் விழும் கணக்கே முடங்கும். அப்படி ஆகிவிட்டால் கிளைக்குப் போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை. புகார் எண், எந்த மாநில சைபர் போலீஸ், மொத்தக் கணக்கும் முடக்கமா, குறிப்பிட்ட தொகை மட்டும் நிறுத்திவைப்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஆர்டர், சாட், வரவுப் பதிவு மூன்றையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டு அம்மாவின் கணக்கையோ நண்பனின் கணக்கையோ ஏஜென்டிடம் கொடுத்தவர்கள் உடனே வக்கீலைப் பாருங்கள். அது வரி விவகாரம் இல்லை, குற்ற வழக்கு.

பழைய ஆண்டு வெற்றியைக் காட்டாமல் விட்டவர்கள் வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) பதிவு இருக்கிறதா பாருங்கள். இந்த வருமானத்தை ஐடிஆர்-1, 4 ஆகிய ரிட்டர்ன் படிவங்களில் காட்ட முடியாது. 2 அல்லது 3 வேண்டும். கெடு தாண்டியிருந்தால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல், 24 மாதத்துக்குள் 50, அதன்பின் 60, 70 என்று 48 மாதம் வரை ஏறும்.