ஸ்கீ சுமக்கும் பை: லிட்டருக்கு முன் வளையத்தைப் பாருங்கள்

“காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறேன். கொண்டோலா என்ற கம்பிவட வண்டியை விட்டு இறங்கிய பிறகு, மலைமுகடு வரை ஸ்கீயை, அதாவது பனிச்சறுக்குப் பலகைகளை, முதுகில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஒரு 30 லிட்டர் டிரெக்கிங் பை இருக்கிறது. அதுவே போதாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் போதாது. கொள்ளளவில் குறை இல்லை. 30 லிட்டர் சரியான அளவுதான். ஸ்கீயைத் தாங்குவதற்கென்று தைத்த வளையங்கள் சாதாரண டிரெக்கிங் பையில் இருப்பதில்லை. ஏதோ ஒரு வாரில் செருகிக் கட்டினால், கட்டிய கோணமே செங்குத்துச் சரிவில் உங்களை முன்னும் பின்னும் ஆட்டும். அந்த ஆட்டத்தின் இயற்பியல் அழகானது. பிளஸ் ஒன்னில் படித்த நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, நினைவிருந்தால் போதும்.

குல்மார்க் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். சாய்வு குறைந்த இடங்களில் ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறலாம். அது முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். சரிவு நிமிர்ந்துவிட்டாலோ, பனி இறுகி ஸ்கின் பிடிக்காமல் போனாலோ, ஸ்கீயைக் கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு பூட்ஸ் நுனியால் பனியில் படி குத்தி ஏற வேண்டியதுதான்.

ஒரு நாள் பயணத்துக்கு என்னென்ன சேரும்? உலோக மண்வாரி 700 கிராம். பனிச்சரிவில் புதைந்தவரைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பி 300 கிராம். விரித்தால் 240 செ.மீ.க்குக் குறையக்கூடாது. தண்ணீர் ஒன்றரை லிட்டர். தடித்த ஜாக்கெட் அரை கிலோ, ஸ்கின் ஜோடி 550 கிராம், ஹெல்மெட் 450 கிராம். சாப்பாடு, முதலுதவி, மாற்றுக் கையுறை, பழுது பார்க்கும் சாமான் எல்லாம் ஒன்றரை கிலோ. பையின் எடை 1.3 கிலோ. இதோடு, பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் ‘பைண்டிங்’ பொருத்திய, மலையேறவும் உதவும் டூரிங் ஸ்கீ ஜோடி 3.6 கிலோ. மொத்தம் பத்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும் மீட்புக் கருவியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பைக்குள் போகவே கூடாது; பனிச்சரிவு பையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டால், தேடுபவர்கள் பையைத்தான் கண்டுபிடிப்பார்கள். உடம்போடு மாட்டியிருக்க வேண்டும்.

இந்தச் சுமை தோளில் தொங்கக் கூடாது. குடத்தை இடுப்பில் வைப்பவர்கள் எந்த எலும்பின் மேல் வைக்கிறார்களோ, அதே இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதற்கு அகலமான இடுப்புப் பட்டை மட்டும் போதாது. பையின் முதுகுப்பக்கத்தில் விறைப்பான பிளாஸ்டிக் தகடோ அலுமினியப் பட்டையோ இருந்தால்தான் எடை பட்டைக்கு இறங்கும். இந்த விறைப்பான சட்டகம் இல்லாத பை, ஸ்கீயைக் கட்டியதும் நடுவில் மடிந்து பீப்பாய் போல் உப்பி, சுமை முழுவதையும் தோளுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

ஸ்கீயைக் கட்ட இரண்டு முறைகள்தான் பெரிதும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று குறுக்குக் கட்டு: இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் சேர்த்துப் பிணைத்து, வால்முனையைப் பையின் கீழ்-இடது வளையத்தில் நுழைத்து, மேல்-வலது வாரில் இறுக்குவது. அரை நிமிட வேலை. இன்னொன்று ஏ-ஃபிரேம்: பையின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்கீயாக நுழைத்து, தலைக்கு மேலே இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டுவது. இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், கையும் குளிரும். ஆனாலும் நீண்ட ஏற்றத்துக்கு ஏ-ஃபிரேம்தான்.

ஏன் என்று பார்ப்போம். 175 செ.மீ. நீளம், ஜோடி 3.6 கிலோ. சீரான தண்டு என்று வைத்துக்கொண்டால், நடுப்புள்ளியைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் எடை × நீளத்தின் வர்க்கம் ÷ 12, அதாவது சுமார் 0.92 கிலோகிராம் மீட்டர்². நிமிர்ந்து நிற்கும் மனிதர் தன் செங்குத்து அச்சில் சுழல்வதற்கான மதிப்பே ஏறக்குறைய 1 தான். ஆக, ஸ்கீயைக் காவடித் தண்டு போலத் தோளில் கிடைமட்டமாக வைத்தால் திரும்பும்போது இன்னொரு ஆளையும் சேர்த்துத் திருப்புகிறீர்கள். குறுகிய சந்தில் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்புபவருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்.

குறுக்குக் கட்டில் ஸ்கீ செங்குத்திலிருந்து சுமார் 35 டிகிரி சாய்ந்திருக்கும். சாய்வின் சைன் வர்க்கத்தால் பெருக்கினால் 0.30. பையின் வெளிமுகத்தில், உடலின் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருப்பதால், இணை அச்சுத் தேற்றப்படி (எடை × தூரத்தின் வர்க்கம்) இன்னொரு 0.32. மொத்தம் 0.6க்கு மேல். ஏ-ஃபிரேமில் ஸ்கீ பையின் பக்கவாட்டில், முதுகை ஒட்டி, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். அதே கணக்கைப் போட்டால் 0.22 தான் வருகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. வலது தோளுக்கு மேலே நுனி, இடது தொடைக்குப் பின்னே வால் என்று குறுக்காகக் கட்டியிருக்கிறீர்கள். பின்னால் வருபவரைப் பார்க்க வலப்பக்கம் உடலைத் திருப்புகிறீர்கள். உங்கள் வலது பக்கம் பின்னோக்கிப் போகிறது, இடது பக்கம் முன்னோக்கி வருகிறது. அதாவது ஸ்கீயின் மேல்பாதி பின்னே தள்ளப்படுகிறது, கீழ்ப்பாதி முன்னே இழுக்கப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, திரும்பத் தொடங்கும்போது ஸ்கீ உங்கள் தோளை முன்னே தள்ளும். திரும்பி நிற்கும் கணத்தில் மேல்பாதி பின்னே போய்க்கொண்டே இருக்க முயன்று தோளைப் பின்னே இழுக்கும். நீங்கள் பக்கவாட்டில்தான் திரும்பினீர்கள். உடம்போ முன்னும் பின்னும் ஆடுகிறது! அரை நொடியில் 60 டிகிரி திரும்பினால் இந்தத் திருப்புவிசை சுமார் 7 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பின் நுனியில் முக்கால் கிலோவைத் தொங்கவிட்டு, மறுமுனையை யாரோ உங்கள் முதுகில் பொருத்தியது போன்ற இழுப்பு. 40 டிகிரிச் சரிவில், பூட்ஸ் நுனி மட்டும் பனியில் பதிந்திருக்கும்போது, பின்னிழுப்புதான் ஆபத்து.

ஏ-ஃபிரேமில் இது அறவே இல்லாமல் போகிறது. வலது ஸ்கீ இடப்பக்கம் சாய்கிறது, இடது ஸ்கீ வலப்பக்கம் சாய்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சமச்சீர் என்பது கண்ணுக்கு அழகு மட்டுமல்ல, உடலுக்கும் ஓய்வு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பள்ளியில் கிடைக்காது. பிளஸ் ஒன் வகுப்புகளில் தண்டின் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைக்காமல், ஒரு பிள்ளையின் முதுகில் துடைப்பக்கட்டையைக் குறுக்காகக் கட்டித் திரும்பச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆகவே பை வாங்கும்போது வளையங்களின் இடத்தைப் பாருங்கள். ஏ-ஃபிரேமுக்கு இருபக்கமும் கீழே ஒன்று, மேலே ஒன்று என நான்கு பிடிகள் வேண்டும். குறுக்குக் கட்டு மட்டும் உள்ள பையை விரும்பினால், கீழ் வளையம் நடுவை நோக்கியும் மேல் வார் முடிந்தவரை உயரத்திலும் இருக்கட்டும். சாய்வு 35லிருந்து 20 டிகிரியாகக் குறைந்தால் அந்த முன்பின் ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு தணியும்.

ஸ்கீயின் ஓரத்தில் கூர்மையான எஃகுப் பட்டை இருக்கிறது. சாதாரண நைலான் வாரை அது ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஹைப்பலான் போன்ற ரப்பர் பூச்சுத் துணியோ, உறையிட்ட எஃகுக் கம்பியோ கொண்ட வளையம்தான் தாங்கும். பக்கவாட்டுத் துணியும் 210 டெனியருக்குக் குறைந்தால் கிழியும். 400க்கு மேல் நல்லது. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை.

வளையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஏ-ஃபிரேமில் பைண்டிங்கின் குதிகால் பகுதி கீழ் வளையத்தின் மேல் உட்கார்ந்து, ஸ்கீ நழுவாமல் தடுக்கும். அதற்குக் கீழே ஏறக்குறைய 60 செ.மீ. வால் தொங்கும். வளையம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் வால்முனை 30 செ.மீ. உயரத்தில், கெண்டைக்காலுக்குப் பின்னால் நிற்கும். உயரம் குறைந்தவர்களுக்கு இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் அது இடிக்கும். அவர்கள் பக்க வளையம் மேலேறி இருக்கும் பையைத் தேட வேண்டும். மேல்முனைகளைக் கட்ட மறந்தால் ஸ்கீ இரண்டும் கத்தரிக்கோல் போல் விரிந்து, வால்கள் உட்பக்கமாகக் கால்களுக்கிடையே வரும்.

பக்கங்களில் ஸ்கீ இறுக்கிக் கட்டியிருக்கும்போது மேல் வழியாகப் பையைத் திறப்பது சிரமம். முதுகுப்பக்கம் ஜிப் உள்ள பை இங்கே உதவும். ஸ்கீ பனியில் படும்படி பையைக் கிடத்திவிட்டுத் திறக்கலாம். முதுகுப் பக்கமும் தோள்வாரும் நனையாது. டிரெக்கிங் பையில் காற்றோட்டத்துக்காக வைக்கும் வலைத்துணி இங்கே கெடுதல்: பனி அதில் ஒட்டி, உடல்சூட்டில் உருகி, நின்றதும் உறையும். வழவழப்பான, பனி ஒட்டாத முதுகுத்தகடே நல்லது. பக்கிள்களைத் தடித்த கையுறையோடு மாட்டிப் பாருங்கள். நனைந்து உறைந்த வாரில் சிறிய பிளாஸ்டிக் பக்கிள் வழுக்கும். உலோகக் கொக்கி வழுக்காது. பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், பிளாஸ்க் எடுத்துப் போங்கள். மண்வாரிக்கும் கம்பிக்கும் தனி அறை கட்டாயம். சாப்பாட்டைக் கொட்டிவிட்டுத் தேடும் நேரம் புதைந்தவருக்கு இல்லை.

கொள்ளளவு 28 முதல் 35 லிட்டர். 25க்குக் கீழே போனால், ஸ்கீயைக் கழற்றும்போது உள்ளே வர வேண்டிய ஸ்கினுக்கும் ஜாக்கெட்டுக்கும் இடமிருக்காது. 40க்கு மேல் போனால் பாதி காலியான பையை வார்கள் இறுக்க முடியாமல் ஸ்கீ ஆடும்.

பனிச்சரிவில் சிக்கினால் பலூன் விரியும் ஏர்பேக் பை பற்றியும் கேட்பார்கள். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் வேர்க்கடலை மேலே வருவது போல, ஓடும் பனிக்கட்டிகளுக்கிடையே பெரிய பொருள் மேலே வரும். சுமார் 150 லிட்டர் பலூன் உங்களைப் ‘பெரிய பொருள்’ ஆக்குகிறது. ஆனால் பாறையிலும் மரத்திலும் மோதுவதை அது தடுக்காது. தாயத்து போல நம்பி ஆபத்தான சரிவில் இறங்குவது தவறு. பல ஏர்பேக் பைகளில் ஒரு கட்டுமுறைக்கு மட்டுமே அனுமதி உண்டு; பலூன் வெளிவரும் பாதையை ஸ்கீ மறைக்கக் கூடாது என்பதே காரணம். தொடை வாரை மாட்டாவிட்டால் பலூனோடு பை தலைவழியே கழன்றுவிடும். இந்தப் பையை வாங்கும் செலவில் ஒரு பங்கையாவது பனிச்சரிவுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மணாலியில் 1969-ல் தொடங்கிய பனிச்சரிவு ஆய்வகம் 2020-ல் இன்னொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைந்து டி.ஜி.ஆர்.இ. (பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம்) ஆனது. ராணுவத்துக்காக வளர்ந்த அந்த அறிவியல் மலைவாசிகளுக்கும் பயணிகளுக்கும் சரிவு வாரியான முன்னறிவிப்பாக வந்துசேர, அரசு தாராளமாகச் செலவிட வேண்டும்.

கடைக்கு உங்கள் ஸ்கீயையும் பூட்ஸையும் ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். பைக்குள் 7 கிலோ போட்டு, ஸ்கீயைக் கட்டி, முழங்காலை மார்பு வரை தூக்குங்கள், வால் இடிக்கிறதா? ஹெல்மெட்டோடு அண்ணாந்து பாருங்கள். பையின் மூடி தலையைத் தள்ளுகிறதா? பிறகு சட்டென்று வலப்பக்கம் திரும்பி நில்லுங்கள். தோள் பின்னே இழுபட்டால், வளையங்களின் இடம் சரியில்லை. அடுத்த பையை எடுங்கள்.