காதில் மெஷின் இருக்கிறது, பாடம் போய்ச் சேர்கிறதா?

"மெஷின் போட்டிருக்கான், முதல் பெஞ்சுலதான் உட்கார வெச்சிருக்கோம், ஆனாலும் கவனிக்கவே மாட்டேங்கிறான்." செவித்திறன் குறைந்த பிள்ளை படிக்கும் சாதாரணப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. பிள்ளையைச் சேர்த்தாயிற்று, கருவியும் கொடுத்தாயிற்று. அந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மட்டும் வகுப்பாசிரியருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கும். ஆசிரியரின் குரலோடு மின்விசிறி, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, பெஞ்ச் இழுபடும் சத்தம் எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். இப்போதைய டிஜிட்டல் கருவிகள் இரைச்சலை ஓரளவு குறைக்கும், முழுக்கப் பிரித்தெடுக்காது. அதன் மைக் நன்றாக வேலை செய்வது மூன்று முதல் ஆறு அடிக்குள். ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசும் குரல் சுமார் 65 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும்: இரண்டு மீட்டரில் 59, நான்கு மீட்டரில் 53. வகுப்பறைக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அளவு இவ்வளவு குறையாது, ஆனால் எதிரொலி கலந்து சொல் கலங்கிவிடும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்குப் பேச்சு புரிய, அது சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். மின்விசிறியும் நாற்பது பிள்ளைகளும் உள்ள அறையில் கரும்பலகை ஓரத்திலிருந்து பேசினால் அந்த 15 கிடைக்காது. கவனிக்காத பிள்ளை என்று பெயர் வாங்குவது இந்த இடைவெளியில்தான்.

காலையில் முதல் பாடத்துக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பேட்டரி. பிள்ளைகளின் கருவியில் பெரும்பாலும் 13 எண் (ஆரஞ்சு ஒட்டி) அல்லது 675 எண் (நீல ஒட்டி) பட்டன் பேட்டரி இருக்கும். இது காற்று பட்டு வேலை செய்யும் ஜிங்க் ஏர் வகை. ஒட்டியை உரித்ததும் ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். உடனே போட்டு மூடினால் காற்று போதாமல் ஆயுள் குறையும். உரித்த பேட்டரி சும்மா இருந்தாலும் தீரும், ஒட்டியைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் தாங்கும், கருவியைப் பொறுத்து மாறும். ஒரு அட்டை பேட்டரி பள்ளி அலமாரியிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து இயர் மோல்டு, அதாவது கருவியிலிருந்து டியூப் வழியாக வரும் ஒலியைக் காதுக்குள் விடும், காதுக்கு அச்செடுத்துச் செய்த துண்டு. மெஷின் 'கீ'யென்று கத்தினால் மோல்டு சரியாக உட்காரவில்லை, அல்லது காது வளர்ந்து மோல்டு சிறியதாகிவிட்டது, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. கத்தல் தாங்காமல் பல வகுப்புகளில் செய்வது சத்தத்தைக் குறைத்துவிடுவது. கத்தல் நிற்கும், பிள்ளைக்குக் கேட்பதும் நின்றுவிடும். வளரும் பிள்ளைக்கு மோல்டை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், ஐந்து வயதுக்குள் இன்னும் அடிக்கடி. நம் ஊர் வெயிலில் வியர்வை டியூபுக்குள் துளியாக நின்று ஒலியை அடைப்பதும் உண்டு. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், பேட்டரியைக் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்ற செவிப்புலக் கல்வியாளர் வகுத்தது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள், பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை தொட்டுவிடும். பிள்ளையின் பின்னால் மூன்று அடி தள்ளி நில்லுங்கள். வாயைக் கையால் மூடாதீர்கள். மூடினால் 'ஸ்' மழுங்கிவிடும். வரிசையை மாற்றி, இடைவெளியை மாற்றி, நடுவில் சும்மா இருந்தும் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதைப் பிள்ளை திரும்பச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் கை தூக்கினால் போதும். முடிந்தால் ஒவ்வொரு காதாகப் பாருங்கள். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, ஈரம், அழுக்கு, சளி இந்த நான்கில் ஒன்று. 'ஈ' சொன்னால் 'ஊ' என்கிறான் என்றால் உயர் சுருதி போய்ச் சேரவில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் குறியுங்கள். கேட்பியல் நிபுணர் கருவியைத் திருத்த, வெறும் "சரியா கேக்கல" என்பதைவிட அந்த நோட்டு பல மடங்கு உதவும். கைக்குள் பொத்தினால் கத்துகிறதா என்று பார்க்கும் பழைய வழியை மட்டும் நம்ப வேண்டாம். பல டிஜிட்டல் கருவிகள் அந்தக் கத்தலைத் தாங்களே அடக்கிவிடும்.

முதல் பெஞ்ச் நல்ல இடம் என்பது பாதி உண்மை. அங்கிருந்து திரும்பினால்தான் பேசும் மற்ற பிள்ளைகளின் முகம் தெரியும், அண்ணாந்து பார்த்தால்தான் ஆசிரியர் வாய் தெரியும். இரண்டாவது வரிசையின் ஓரம், நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம், மின்விசிறிக்கும் வராந்தாக் கதவுக்கும் தள்ளி: பெரும்பாலான அறைகளுக்கு இது பொருந்தும். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, முகம் நிழலாகி உதடு தெரியாது. ஸ்மார்ட் போர்டில் படம் போட விளக்கை அணைத்தாலும் இதே கதிதான். அன்றைய வீடியோவின் சாரத்தை ஐந்து வரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேசும் விதத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், செய் என்பதும் செய்யாதே என்பதும் அங்கேதான் தெரியும். குரல் இறங்குவதும் அங்கேதான். "மூணாவது கணக்கை நோட்டுல எழுத" வரை கேட்ட பிள்ளைக்கு "வேண்டாம்" விழாது. எழுதிவிட்டுத் திட்டு வாங்கும். வாக்கியம் முடியும் வரை குரலை இறக்காமல் பேசினால் போதும். கத்த வேண்டாம், ஒவ்வொரு எழுத்தாக இழுக்கவும் வேண்டாம். இரண்டும் உதட்டசைவைக் கெடுத்துவிடும். பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். "இப்ப என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேளுங்கள்.

சொல்வதை எழுதும் பயிற்சியில் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் விழுவதற்கும் எழுத்தறிவுக்கும் பல நேரம் தொடர்பே இருக்காது. படம், மடம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி அசையும். சத்தமான அறையில் காதும் கைவிட்டால் ஊகம்தான் மிச்சம். வேற்றுமை உருபுகள் மெலிதாக ஒலிப்பதால் "கடைக்குப் போனான்" என்பது "கடை போனான்" ஆகிவிடும். தனிச் சொல்லாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், முகம் தெரியச் சொல்லுங்கள். எந்த எழுத்து தொடர்ந்து தவறுகிறது என்று குறித்தால், அது ஆறு ஒலி நோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

ஆசிரியர் கழுத்தில் மாட்டும் ரிமோட் மைக், குரலைக் கம்பியில்லாமல் நேராகப் பிள்ளையின் கருவிக்கு அனுப்பி, தூரப் பிரச்சினையை ஏறக்குறைய தீர்த்துவிடும். வாய்க்குக் கீழே ஒரு சாண் அளவில் இருக்க வேண்டும். செயினிலோ அடையாள அட்டையிலோ இடித்தால் பிள்ளையின் காதில் இடி இடிக்கும். குழுவாகப் பேசும்போது மைக்கைக் கை மாற்றுங்கள். ஆசிரியர் அறைக்குப் போகும்போது மறக்காமல் அணையுங்கள். மறந்த ஆசிரியரின் அலுவலக அரட்டை முழுவதும் நேராகப் பிள்ளையின் காதுக்குப் போகும்!

மைக் இல்லாத பள்ளியில் பெஞ்ச் கால்களுக்கு ரப்பர் புஷ், சுவரில் துணி ஒட்டிய காட்சிப் பலகை, வராந்தாப் பக்கக் கதவை மூடுதல் இவையே கணிசமாக உதவும். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைச் சிகிச்சை மூலம் உள்காதில் பொருத்தும் கருவி) செய்த பிள்ளைக்கும் இதே விதிகள்தான்.

மதியத்துக்கு மேல் இந்தப் பிள்ளைகள் சோர்ந்துபோவது சோம்பல் அல்ல. விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பியே காலை முழுவதும் போயிருக்கும். கடினமான பாடத்தைக் காலையில் வைக்க முடிந்தால் வையுங்கள். சளி பிடித்த வாரத்தில் நடுக்காதில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் மேலும் 20, 30 டெசிபல் குறையக்கூடும். காதில் சீழ் வந்தால் மோல்டு போடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

இனி காகித வேலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பைச் செவித்திறன் குறைவு என்றும், 70க்கு மேல் காது கேளாமை என்றும் வகுக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காடாவது இருந்தால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தேர்வு நெருங்கிய பிறகு அலையாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் இதற்கு உதவுவார்.

ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளை இந்த வரையறைக்குள் வருவதில்லை, சான்றிதழ் விழுக்காடும் பெரும்பாலும் 40ஐ எட்டாது. ஆனால் கேட்காத காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையும் பாடத்தைத் தவறவிடும், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியாது. சாலை கடக்கும்போது அது ஆபத்து. வகுப்பு மாறும் ஜூன் மாதத்தில் அடுத்த ஆசிரியருக்கு ஒரு சீட்டு போக வேண்டும்: எந்தக் காது நல்ல காது, எந்த இடத்தில் உட்கார்ந்தால் கேட்டது, ஆறு ஒலியில் எது விழவில்லை, பேட்டரி எண் என்ன, மோல்டு கடைசியாக எப்போது மாற்றியது.