பென்சில் கோடு எப்படி மேலே ஏறுகிறது?

சிங்கப்பூர் ஈசூனில் அக்காவின் வீவக அடுக்குமாடி வீட்டில், ஸ்டோர்ரூம் கதவுச் சட்டம் முழுக்கப் பென்சில் கோடுகள். தீபாவளிக்குத் தீபாவளி பிள்ளைகளை நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துப் போட்டவை. போன தீபாவளியில் தொடக்கநிலை 6 படிக்கும் மகளின் கோடு, உயர்நிலை 1 படிக்கும் அண்ணன் கோட்டைத் தாண்டிவிட்டது. பையன் அன்றைக்கு முறுக்கைக்கூடத் தொடவில்லை. அக்கா மறுநாளே பேரங்காடிக்குப் போய், உயரம் கூட்டுமாம் என்று ஒரு டின் பால்மாவு வாங்கி வந்துவிட்டார்.

எலும்பு ரப்பர் இல்லை, இழுத்தால் நீள. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைகளுக்கருகே குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று பெயர். அதற்குள் செல்கள் காசு அடுக்கிய மாதிரி பத்தி பத்தியாக நிற்கும். ஒரு பக்கம் செல்கள் பிரிந்து புதுக் காசுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுபக்கம் இருப்பவை பல மடங்கு உப்பும். சுற்றிலும் சுண்ணம் படியும். கடைசியில் அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும். பிள்ளை வளர்வதில் பெரும்பங்கு இந்த உப்பலில்தான்.

இதற்கு உத்தரவு மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அது வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். (துணைப்பாட வகுப்பு முடிந்து வந்து நள்ளிரவு வரை வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.) ஹார்மோன் வந்து சேர்ந்ததும், கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து தட்டுகளுக்கு அனுப்பும்.

கல்லீரல் கறாரான கணக்குப்பிள்ளை. சாப்பாட்டில் புரதமும் கலோரியும் குறைந்தால், மேலிருந்து எத்தனை உத்தரவு வந்தாலும் ஐஜிஎஃப்-1ஐக் குறைத்துவிடும். உயிர் பிழைப்பது முதலில், உயரம் அப்புறம். ஆனால் இந்தக் கணக்கு இரு பக்கமும் ஒன்றுபோல ஓடாது. பற்றாக்குறை வளர்ச்சியை நிறுத்தும். வயிறு நிறையச் சாப்பிடும் பிள்ளைக்கு மேலும் ஒரு டம்ளர் ஊற்றினால், ஏறுவது பெரும்பாலும் இடுப்பளவுதான்.

வயிறு நிறைந்தும் பற்றாக்குறை வரலாம். பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷீராஸுக்குப் போனபோது, இருபது வயதைத் தாண்டியும் பத்து வயதுச் சிறுவன் போலிருந்த ஒருவரைப் பார்த்தார். அந்தப் பகுதியில் அப்படிப் பலர். சாப்பாடு புளிக்காத மாவில் சுட்ட ரொட்டி. இறைச்சி கிட்டத்தட்ட இல்லை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், துத்தநாகத்தையும் இரும்பையும் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. துத்தநாகக் குறைதான் அவர்களை வளரவிடாமல் வைத்தது என்பது பிறகு உறுதியானது.

புளித்த மாவில் அந்தப் பிடி தளர்கிறது. நுண்ணுயிர்கள் ஃபைட்டேட்டை உடைத்துவிடுகின்றன. பயறு முளைகட்டினாலும் அப்படியே. ராத்திரி பொங்கி வழியும் இட்லி மாவுப் பாத்திரத்தை இனி யாரும் திட்ட வேண்டாம். பரோட்டாவோடு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிப்பதுதான் இரும்பு உடலில் சேர்வதற்கு ஆகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

சரி, தங்கை எப்படி முந்தினாள்? பெண்பிள்ளைகளின் வேகமான வளர்ச்சி 11, 12 வயதில். பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதம். வந்துவிட்டால் ஒரே ஆண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட ஏறும். கடைசியில் தட்டுகளை மூடி வளர்ச்சியை முடிப்பது பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜென், ஆண்களிலும்தான். 1994இல் ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. அவர் உடலில் ஈஸ்ட்ரோஜென் வேலை செய்யவில்லை. 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரம், தட்டுகள் இன்னும் திறந்தே இருந்தன. மூடிய தட்டை எந்த டின்னும் திறக்காது.

அக்காவிடம் பையனின் ஹெல்த் புக்லெட்டை எடுக்கச் சொன்னேன். பலதுறை மருந்தகத்தில் குறித்த புள்ளிகள், நான்கு வயதிலிருந்து வளர்ச்சி வரைபடத்தின் ஒரே வளைகோட்டை ஒட்டியே போகின்றன. நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் எங்கும் சரியவில்லை. டாக்டர்கள் கவலைப்படுவது கோடு கீழே இருப்பதற்கல்ல, கோடு விட்டுக் கோடு இறங்குவதற்கு.

பையனுக்கு இதெல்லாம் கேட்டுப் பொறுமை இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான்: பகல் முழுக்க நின்று நடந்ததில் முதுகெலும்புக்கு இடையிலான வட்டுகள் அமுங்கி, மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். இந்தத் தீபாவளிக்கு எழுந்த உடனே, எண்ணெய் தேய்க்கும் முன்பே அளக்க வேண்டுமாம். தங்கையை மாலையில் அளக்கலாமாம்.