தேங்கிய சரக்கும் ஐடிசியும்: எப்போது திருப்ப வேண்டும்?

தேவைக்கு மேல் சரக்கு வாங்கி அடுக்கியிருப்பவர்கள் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவைப் படித்துவிடுவது நல்லது. தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கில் எழுதித் தள்ளிய சரக்குக்கும், அன்பளிப்பாகவோ இலவச சாம்பிளாகவோ கொடுத்ததற்கும் ஐடிசி (வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடையாது. எடுத்திருந்தால் அரசுக்குத் திருப்ப வேண்டும். காம்போசிஷனில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு ஐடிசியே இல்லை, அதனால் இந்தக் கவலையும் இல்லை.

பாரிமுனைக் கடை ஒன்றில் ரூ.50,000-க்கு வாங்கிய பெயின்ட் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி ரூ.9,000. கட்டிதட்டிக் குப்பைக்குப் போனால் அந்த ரூ.9,000-ஐ ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னில் 4(பி)(1) கட்டத்தில் காட்டித் திருப்ப வேண்டும். அதற்கு முன்பே ரூ.20,000-க்குத் தள்ளிவிட்டால், விற்பனை வரி ரூ.3,600 மட்டும், பழைய ஐடிசி அப்படியே நிற்கும். நஷ்டத்துக்கு விற்றதற்காக ஐடிசியைக் குறைக்க வேண்டியதில்லை. ஆகவே ஆடித் தள்ளுபடியைத் தள்ளிப்போடாதீர்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ கூட பாதுகாப்பானதுதான்: ஒரே விலைக்கு இரண்டு பொருள் விற்றதாகவே அதைக் கொள்ள வேண்டும் என்று 2019-ல் வந்த 92-ம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. பில்லில் இரண்டையும் எழுதுங்கள். சும்மா எடுத்துக் கொடுத்தால் அது சாம்பிள் கணக்கு.

பலர் கோட்டைவிடுவது 180 நாள் விதியில். சரக்கு நகரவில்லை, அதனால் சப்ளையருக்குப் பணம் போகவில்லை. பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டினால், பாக்கிக்கு உரிய ஐடிசியை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டிய வட்டி வராது.

காலாவதிச் சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்தால் வரியோடு கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கேளுங்கள். விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அதைக் கணக்கில் காட்டினால்தான் கம்பெனிக்கு வரி குறையும். உங்கள் பக்கம் அந்த ஐடிசியைத் திருப்ப வேண்டும்.

டிசம்பர் மழையில் குடோனில் தண்ணீர் புகுந்து நனைந்து வீணானதும் ‘அழிந்த சரக்கு’தான். இன்சூரன்ஸ் கேட்கும்போது, திருப்பிய ஐடிசியையும் இழப்பில் சேர்த்து, 3பி நகலை இணையுங்கள். ஐடிசி கைவசம் இருப்பதாக எண்ணி, இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வரியைக் கழித்துவிடுவது உண்டு.

இதற்கெல்லாம் ஸ்டாக் கணக்கு வேண்டும். விதி 56(2)-ன்படி வரவு, விற்பனை, இருப்போடு தொலைந்ததும் வீணானதும் சாம்பிளும் அதில் இருக்க வேண்டும். கணக்கில் இருந்தும் குடோனில் இல்லாத பெட்டியை, விற்றதாகவே கருதி 35(6) பிரிவின் கீழ் வரி கேட்பார்கள்.