எழுத்தைச் சேர்த்துவைக்காத திரை

என் அத்தை பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்துவது அவர் வேலை. ஜார்ஜ் டவுன் வீட்டில் நான் பழைய விடி100 முனையத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துக் கேட்டார்: "எழுத்தெல்லாம் எதற்குள்ளேடா இருக்கிறது?"

படமாக எதற்குள்ளும் இல்லை என்பதுதான் பதில்.

விடி100 என்பது டெக் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் 1978இல் வெளியிட்ட முனையம். திரையும் விசைப்பலகையும் மட்டும்தான் நம் மேசையில். கணினி வேறோர் அறையில் இருக்கும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஓர் எழுத்துக்கு 10 புள்ளி அகலம், 10 கோடு உயரம். கணக்குப் போட்டால் திரை முழுவதற்கும் 1,92,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட் ஒரு பைட். அவற்றைப் படமாகச் சேமிக்க 24,000 பைட் வேண்டும். இந்தப் பெட்டியிலோ எழுதி அழிக்கும் நினைவகம் மொத்தமே 3 கிலோபைட். அன்றைய விலையில் அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

அதனால் படத்தைச் சேமிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். ஓர் எழுத்துக்கு ஓர் எண். ஆங்கில 'ஏ'வுக்கு 65. முழுத்திரைக்கும் 1,920 பைட் போதும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது அழியாத நினைவகச் சில்லு ஒன்றில், 2 கிலோபைட்டுக்குள், 128 வடிவங்களாகப் பதிந்திருக்கிறது. (247 எழுத்துடைய நமக்கு அதில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் 'ணை'யை அந்தக் குட்டிக் கட்டத்துக்குள் மடக்குவது பெரும்பாடு.)

இனி வரைய வேண்டும். சேலை முந்தானையில் குறுக்காகப் பெயர் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நெசவாளர் முதல் எழுத்தை முடித்துவிட்டு இரண்டாம் எழுத்துக்குப் போவதில்லை. ஒவ்வோர் ஊடு இழையிலும் எல்லா எழுத்துகளிலிருந்தும் ஒரு மெல்லிய கீற்று மட்டும் விழும். படக்குழாயின் மின்னணுக் கற்றையும் அப்படித்தான், இடமிருந்து வலமாக, நொடிக்கு ஏறத்தாழ 15,700 முறை ஓடுகிறது. ஒரு வரியின் 80 எண்களும் முதலில் ஒரு சிறு தற்காலிக நினைவகத்தில் ஏறும். முதல் ஓட்டத்தில் எண்பது எழுத்துகளின் உச்சிக் கீற்று, அடுத்த ஓட்டத்தில் அதற்குக் கீழ்க் கீற்று. பத்து ஓட்டத்தில் ஒரு வரி. வடிவச் சில்லு தரும் கீற்று, நொடிக்கு 1.6 கோடி புள்ளி வேகத்தில் வரிசையாகக் கற்றைக்குப் போகிறது. 1 என்றால் ஒளி, 0 என்றால் இருள்.

கண்ணாடியின் உட்புறப் பாஸ்பர் பூச்சில் அந்த ஒளி உடனே மங்கத் தொடங்குவதால், முழுத்திரையையும் நொடிக்கு 50 அல்லது 60 முறை புதிதாக நெய்ய வேண்டும். நெய்வதும் அழிவதுமாக இருக்கும் அதைத்தான் நாம் நிலையான எழுத்து என்று நம்புகிறோம்.

இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மையச் சில்லான இன்டெல் 8080ஆல் முடியாது. புள்ளி வேலையைத் தனிச் சுற்றுகள் பார்த்துக்கொள்கின்றன. (அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் முதலில் தொழிற்சாலை வைத்தது 1972இல், இதே பாயான் லெப்பாஸில்.) 8080க்கு வேறு வேலை: கம்பிவழி வரும் எண்களை நினைவகத்தில் வைப்பது. 27 வந்தால் மட்டும் உஷாராகிவிடும். அடுத்து வருவது எழுத்தல்ல, 'திரையைத் துடை', 'மேல் மூலைக்குப் போ' போன்ற கட்டளை. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், திரை நிரம்ப 2 நொடி ஆகும். 300 பிட் இணைப்பில் ஒரு நிமிடத்துக்கும் மேல்!

எனக்கு மிகவும் பிடித்தது வரிகள் மேலே நகரும் விதம். நினைவகத்தில் எதுவும் நகர்வதில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'அடுத்த வரி இன்ன இடத்தில்' என்று ஒரு முகவரி எழுதியிருக்கிறது. மேல் வரியைச் சங்கிலியிலிருந்து கழற்றி, துடைத்து, கீழே கோத்துவிட்டால் திரை முழுதும் ஏறியதுபோலத் தோன்றும். மென்மையாக நகர்த்தும் முறையில், ஒவ்வொரு நெசவுக்கும் ஒரே ஒரு கோடு உயர்கிறது. பத்துக் கோடு ஒரு வரி என்பதால், மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 60 அலையாக, இருக்கும் அமெரிக்காவில் நொடிக்கு ஆறு வரி.

பினாங்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமைப்புப் பட்டியலில் திரை புதுப்பிக்கும் வேகத்தை அதற்கேற்ப மாற்றிவைத்தேன். இல்லாவிட்டால் மின்மாற்றியின் காந்தப்புலத்தில் எழுத்துகள் லேசாக நெளியும். இப்போது அத்தையின் கண்முன்னே, நொடிக்கு ஐந்து வரியாக, நிதானமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.